திருச்சபைகள் ஏன் காலியாகின்றன? மேய்ப்பரின் அதிகாரமும் தலித் கிறிஸ்தவரின் மாண்பும்

ஞாயிறு வழிபாட்டுக்கு வருவோர் குறைந்துவிட்டனர் என்ற கவலை தமிழ்நாட்டின் பழைய திருச்சபைகளில் இப்போது அடிக்கடி ஒலிக்கிறது. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டனர், கைப்பேசி வந்துவிட்டது, பெந்தெகொஸ்தே சபைகள் ஆள் இழுக்கின்றன என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. தீர்வாகச் சொல்லப்படுவதோ பெரும்பாலும் ஒன்றுதான்: ஆற்றல் மிக்க ஒரு போதகர் வந்தால் சபை மீண்டும் உயிர்பெறும்.

இந்தத் தீர்வில் பாதி உண்மை உண்டு. ஒரு பங்கின் அல்லது சேகரத்தின் அன்றாட வாழ்வில் போதகரின் கையிலுள்ள அதிகாரம் மிகப் பெரியது. ஆனால் அந்த அதிகாரம் பிரசங்க மேடையில் இருப்பதைவிட அதிகமாகப் பதிவேட்டிலும், கல்லறைத் தோட்டத்திலும், திருவிழாப் பட்டியலிலும், பள்ளி நியமனக் கோப்புகளிலும் இருக்கிறது. அங்கே சாதி உட்கார்ந்திருக்கும்வரை நாவன்மையால் மட்டும் எந்தச் சபையும் மீளாது. இதை வரலாறும் சட்டமும் சேர்ந்தே காட்டுகின்றன.

எது குறைகிறது?

முதலில் எண்ணிக்கையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 6.07 விழுக்காடு, 2011இல் 6.12 விழுக்காடு. ஆகவே சமயம் தேய்கிறது என்று சொல்ல இந்தக் கணக்கில் இடமில்லை. தேய்வது குறிப்பிட்ட சில சபைகளின் இருக்கைகள். அவற்றைவிட்டு யார் எழுந்து போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்பதே கேள்வி.

தலித் கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை வெளியேற்றத்துக்கு இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்று, ஆலயத்துக்குள்ளேயே மாண்பு மறுக்கப்படுவதால் வேறு சபைக்குப் போவது அல்லது எங்கும் போகாமல் இருப்பது. மற்றொன்று அரசமைப்புச் சட்டத்தின் ஆணையொன்று திறந்துவைத்த வாசல். அதன் வழியே போகிறவர்கள் உண்மையில் சபையைவிட்டுப் போவதில்லை. பதிவேட்டிலிருந்து மட்டும் மறைகிறார்கள்.

பதிவேட்டில் ஏறாத பெயர்கள்

1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயம் தவிர வேறு சமயத்தைப் பின்பற்றுவோரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இசுலாமியரும் வெளியிலேயே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். அவர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமையும் இல்லை.

இதன் விளைவைப் போதகர் எவரும் அறிவர். வழிபாட்டுக்கு வரும் குடும்பம் பிள்ளையின் திருமுழுக்கைத் தள்ளிப்போடுகிறது. திருமணம் ஆலயத்தில் நடக்கிறது, சான்றிதழில் பெயர் வேறாக இருக்கிறது. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். இதை ‘இரட்டை வேடம்’ என்று மேடையில் கண்டிக்கும் போதகர்கள் உண்டு. வேடம் போட வைத்தது எது என்று கேட்பவர்கள் குறைவு.

அச்சம் கற்பனையானதும் அல்ல. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த பெண்ணொருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. அவர் குழந்தையாக இருந்தபோது பெற்ற திருமுழுக்கும், அவர் தொடர்ந்து ஆலயத்துக்குச் செல்வதும் அவருக்கு எதிரான சான்றுகளாயின. உண்மையான நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டுப் பயனுக்காக மட்டும் மதமாற்றத்தைக் காட்டுவது அரசமைப்பின்மீதான மோசடி என்று நீதிமன்றம் கூறியது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. தலித் குடும்பத்தில் பிறந்து பத்தாண்டுகளாகப் போதகராகப் பணியாற்றிய ஒருவர், சாதிப் பெயரால் இழிவுபடுத்தப்பட்டுத் தாக்கப்பட்டதாக அளித்த புகாரின் பேரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகியிருந்தது. அவர் கிறிஸ்தவராக வாழ்பவர் என்பதால் அச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று கூறி நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. மேய்ப்பர் பணியே அவருக்கு எதிரான ஆதாரமாயிற்று.

ஆலயத்துக்குப் போவதே நீதிமன்றத்தில் சான்றாகும் நாட்டில் வருகைப் பதிவு குறைவதைப் பக்திக் குறைவு என்று மட்டும் படிப்பது அறியாமை. இங்கே போதகரின் முதல் கடமை கண்டிப்பது அல்ல. தன் மக்கள் எந்தச் சட்டத்தின்கீழ் அஞ்சி வாழ்கிறார்கள் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு இதே கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இவை எத்தனை மறையுரைகளில் பேசப்பட்டன?

மறைப்பதால் அழியும் சான்று

இங்கே ஒரு முரண்பாட்டை நுட்பமாகக் கவனிக்க வேண்டும். 1985இல் சூசை வழக்கில், செருப்புத் தைக்கும் தொழிலாளியான தலித் கிறிஸ்தவர் ஒருவர், தம்போன்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்தார். உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பின்னும் சாதியின் ஒடுக்குமுறை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதை நிறுவப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அந்த ஆதாரம் எங்கே இருக்கிறது? திருச்சபைகளின் சொந்த வாசலில் இருக்கிறது: தனிக் கல்லறைகளில், தேர் வராத தெருக்களில், பொதுவழியில் செல்லவிடாத சவ ஊர்வலங்களில். நிறுவனத்தின் மானத்தைக் காப்பதாக எண்ணி இவற்றை மறைக்கும் ஒவ்வொரு மேய்ப்பரும், தம் மக்களின் அரசமைப்பு உரிமைக்கான சான்றைத் தம் கையாலேயே அழிக்கிறார். ஒருபக்கம் டெல்லியில் பட்டியல் தகுதி கேட்டு ஊர்வலம், மறுபக்கம் ஊரில் ‘எங்கள் பங்கில் சாதி இல்லை’ என்ற அறிக்கை. இரண்டும் ஒன்றாகச் செல்லுபடியாகாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த நேர்மை ஆவணத்தோடு நின்றுவிடாமல் பங்குக் கூட்டத்தின் குறிப்பேடுவரை இறங்கிவர வேண்டும்.

தடை தாண்டாத வளர்ச்சி

‘சபை வளர்ச்சி’ என்ற பெயரில் இன்று போதகர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சிகள் பலவற்றின் மூலம் அமெரிக்காவில் இருப்பதாகத் தோன்றும். அதன் வேர் இந்தியாவில் இருக்கிறது. 1897இல் மத்திய இந்தியாவின் தாமோவில் பிறந்து, இங்கேயே மிஷனெரியாகப் பணியாற்றிய டொனால்ட் மெக்காவ்ரன்தான் இக்கோட்பாட்டின் தந்தை. ஒடுக்கப்பட்ட சாதியினர் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த இயக்கங்களைக் கண்டும் படித்தும், மக்கள் தம் இன, மொழி, வர்க்கத் தடைகளைத் தாண்டாமலேயே கிறிஸ்தவராக விரும்புகிறார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஆகவே ஒரே சமூகத்தாரைக் கொண்ட சபைகளை வளர்ப்பதே விரைவான வழி என்றார். 1955லும் 1970லும் வந்த அவருடைய நூல்கள் உலகெங்கும் பாடமாயின.

தலைகளை எண்ணும் கணக்கில் இது வெற்றி தரும். ஆனால் சாதித் தடையைத் தாண்டாமல் கட்டப்படும் சபை சாதிக்கு ஆலயம் கட்டிக்கொடுக்கிறது. ஒரே ஊரில் இரண்டு ஆலயங்களையும் இரண்டு கல்லறைகளையும் வைத்திருப்பதை ‘வளர்ச்சி’ என்று கணக்கெழுதலாம். தலித் மக்களின் விடுதலைக் கணக்கில் அது வரவாகாது.

ஆதிக்கமற்ற சூழலில் தமக்கெனத் தனிச்சபை வேண்டும் என்று ஒடுக்கப்பட்டோரே கேட்கும் நிலை இதிலிருந்து வேறுபட்டது. எறையூரில் நடந்தது அதுதான். அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் ஆலயத்துக்குத் தனிப்பங்குத் தகுதி கேட்டுப் போராடினர். 2008 மார்ச்சில் அவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர். திருச்சபைச் சட்டப்படி பங்கை நிறுவும் அதிகாரம் ஆயருக்கு மட்டுமே உரியது. குருக்கள் மன்றத்தைக் கேட்டு அவர் முடிவெடுக்க வேண்டும். பெரும்பான்மைச் சாதியின் சினத்துக்கு அஞ்சித் தள்ளிப்போடப்படும் முடிவும் ஒரு முடிவே. அதன் விலையை எளியவர்கள் கொடுக்கிறார்கள்.

தோர்ணக்கல் காட்டிய வழி

தலைமையால் சபை உயிர்பெற்றதற்கு இந்திய வரலாற்றில் வலுவான சான்று தோர்ணக்கல். திருநெல்வேலி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே.ச. அசரியா, 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். பின்னர் தெலுங்கு நாட்டுக்கு மிஷனெரியாகச் சென்றார். 1912 டிசம்பர் 29 அன்று தோர்ணக்கல்லின் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர். அவருடைய காலத்தில் தோர்ணக்கல் சபை பல்லாயிரக்கணக்கான மாலா, மாதிகா மக்களின் சபையாக விரிந்தது.

அவர் செய்தவற்றில் நமக்குப் பயன்படுவது அவருடைய பேச்சாற்றல் அல்ல. ஒவ்வொரு சிற்றூருக்கும் ஓர் உபதேசியாரை, பெரும்பாலும் அதே மக்களிலிருந்தே, தேர்ந்து பயிற்றுவித்தார். உபதேசியாரின் மனைவியும் பயிற்சி பெற்றார். வழிபாட்டில் கிராமத்தாரின் பாட்டும் கலைவடிவங்களும் இடம்பெற்றன. வெளியிலிருந்து ஒரு தலைவரைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குப் பதிலாக, எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடமிருந்தே தலைவர்களை எழுப்பினார். அவர்களின் வாழ்வு மாறியதைக் கண்ட சாதி இந்துக்கள் சிலரும் அச்சபையை நாடி வந்தனர். மெக்காவ்ரன் பின்னாளில் தாண்ட வேண்டாம் என்ற தடையை அங்கே சிலரேனும் தாண்டினர்.

அசரியா தலித் அல்லர், நாடார். அவருடைய பேராயத்தில் மாலா–மாதிகா முரண் முற்றிலும் தீர்ந்துவிடவும் இல்லை. எனினும் தலைமைப் பொறுப்பைப் பங்கிட்டளித்த சபையே வளர்ந்தது என்ற பாடம் அங்கிருந்து கிடைக்கிறது.

எதிர்ப்பாடம் கேரளத்தில் இருக்கிறது. பொய்கையில் யோஹன்னான் பறையர் குடும்பத்தில் பிறந்தவர். மார்த்தோமா சபையிலும் பிறகு பிரதரன் சபையிலும் பேராற்றல் கொண்ட பிரசங்கியாராக விளங்கினார். கிறிஸ்தவத்துக்குள்ளும் சாதி விடவில்லை என்று கண்டு வெளியேறி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவினார். அடிமைகளாக விற்கப்பட்ட முன்னோரின் துயரைத் தம் மக்களுக்கு வரலாறாகப் பாடிக் கொடுத்தார். 1921லும் 1931லும் ஸ்ரீமூலம் மக்கள் சபையின் உறுப்பினரானார். பழைய சபைகள் இழந்தது ஒரு பிரசங்கியாரை மட்டுமல்ல. அவரோடு சென்ற மக்களையும் இழந்தன. திறமை மிக்க தலைவர் இல்லாததால் சபை நலிகிறது என்று புலம்புவோர், இருந்த தலைவர்களை எந்தச் சாதி வரம்பு வெளியேற்றியது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போதகரின் கையில் இருப்பவை

சட்ட நோக்கில் பார்த்தால் பங்குத்தந்தை அல்லது சேகரப் போதகரின் அதிகாரங்கள் துல்லியமானவை. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ளன. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும். மேய்ப்புப் பணிப் பேரவை ஆயர் விரும்பினால் அமைக்கப்படும். அதற்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு. அதாவது இறுதிச் சொல் குருவினுடையது. தென்னிந்தியத் திருச்சபையில் சேகரக் கமிட்டி உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அங்கே யாருடைய பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது என்பதே அதிகாரத்தின் திறவுகோல்.

இந்த அதிகாரங்களைக் கொண்டு ஒரு மேய்ப்பர் செய்யக்கூடியவை பல. கல்லறைத் தோட்டத்தில் சாதிப் பிரிவை ஒழித்து, இறந்த வரிசைப்படியே குழி ஒதுக்கலாம். திருச்சிக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரைப்போன்ற இழிவு, குறிப்பேட்டில் எழுதப்படும் ஒரு தீர்மானத்திலிருந்தே உடையத் தொடங்கும். திருவிழாக் கொடியேற்றம், தேர், உபயம் ஆகியவற்றில் எல்லாத் தெருவினருக்கும் சுழற்சி முறையில் இடம் தரலாம். எல்லாத் தெருவுக்கும் தேர் போகாவிட்டால் தேரே எழாது என்று அறிவிக்கலாம். நிதிக்குழுவில் தலித் பெண்களை அமர்த்தலாம். போதகரோ குருவோ தாளாளராக இருக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் நியமனங்களில் தலித் கிறிஸ்தவருக்கு உரிய பங்கை உறுதிசெய்யலாம். ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை அந்த வேலை எத்தனை மறையுரைகளைவிட உறுதியாகத் தாங்கும் என்பதைச் சேரித்தெருக்கள் அறியும்.

சட்டமும் துணை நிற்கிறது. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் ஒழித்திருக்கிறது; அது எந்தச் சமயத்துக்கும் விலக்களிக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், அதே சமயத்தவருக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் தீண்டாமையின் பேரில் ஒருவரைத் தடுப்பதையும், பொதுவான இடுகாட்டையும் பாதையையும் மறுப்பதையும் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று அப்பிரிவுகள் கேட்கவில்லை. பட்டியல் சாதியினர் பாதிக்கப்பட்டால், செயல் தீண்டாமையின் பேரிலேயே நடந்தது என்று நீதிமன்றம் முன்கூட்டியே அனுமானிக்கும் 12ஆம் பிரிவின் சலுகை மட்டும் தலித் கிறிஸ்தவருக்குக் கிடைக்காது. அதனால்தான் எழுத்துச் சான்றும் சாட்சியும் அவருக்கு இரட்டிப்பாகத் தேவை. பங்கின் குறிப்பேட்டில் உண்மையை எழுதிவைக்கும் குருவைவிட நல்ல சாட்சி வேறு யார்?

பறையும் ஒரே உலையும்

மேய்ப்பர்களை உருவாக்கும் இடம் இறையியல் கல்லூரி. 1980களின் தொடக்கத்தில் அரவிந்த் நிர்மல் பெங்களூரில் முன்வைத்த சிந்தனையிலிருந்து தலித் இறையியல் வளர்ந்தது. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, மக்கள் ‘பரட்டை’ என்றழைத்த அவர், அதை வழிபாடாக்கினார். இழிவென்று ஒதுக்கப்பட்ட பறையையும் நாட்டுப்புற மெட்டையும் சேரித் தமிழையும் ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் சமைத்து எல்லோரும் ஒன்றாக உண்பதை நற்கருணையின் பொருளாகக் கற்பித்தார். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளை மட்டுமே உயர்ந்ததென்று கேட்டுப் பழகிய மாணவர்கள், தம் பாட்டியின் தாளத்தில் கடவுளைப் பாடக் கற்றனர். தன் மொழி அவமதிக்கப்படாத இடத்துக்கு மனிதர் தாமாகவே வருவார்.

மேய்ப்பரை யார் கேட்பது?

ஆனால் எல்லாவற்றையும் நல்ல மேய்ப்பர் ஒருவரின் மனச்சான்றிடம் ஒப்படைப்பது ஆபத்து. போதகர்கள் சில ஆண்டுகளில் மாற்றப்படுகிறார்கள். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் ஒரே திருவிழாவில் பழையபடி மாற்றிவிடலாம். எனவே சீர்திருத்தம் ஆளைச் சார்ந்து நிற்காமல் எழுதப்பட்ட விதியாக வேண்டும். 2022 ஆகஸ்டில் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானது பெருமைக்குரியது. மேலே ஒருவர் அமர்வதால் கீழே கல்லறைச் சுவர் தானாக இடியாது என்பதும் உண்மை. கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில் சாதிப் பாகுபாடு நிலவுவதாகத் தலித் கத்தோலிக்கர்கள் தொடுத்த வழக்கில் 2025இல் உச்ச நீதிமன்றம் அறிவிப்பு அனுப்பியது. ஆயரகத்தில் கிடைக்க வேண்டிய நீதியைத் தேடி விசுவாசிகள் டெல்லிவரை செல்ல நேர்வது மேய்ப்புத் தலைமையின் தோல்வி. தென்னிந்தியத் திருச்சபையிலும் தேர்தல் வழக்குகள் முற்றி, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக நியமிக்கும் நிலை வந்தது.

மதம் மாறிய ஒடுக்கப்பட்டோரின் நிலைபற்றி அண்ணல் அம்பேத்கர் எழுதியபோது, அவர்கள் தம் உரிமைக்காக அமைப்பாகக் குரல் எழுப்பாததைச் சுட்டிக்காட்டினார். அந்த விமரிசனம் இன்னும் பழையதாகவில்லை. திருச்சபைச் சட்டத் தொகுப்பே விசுவாசிகள் அனைவரும் மாண்பில் சமம் என்கிறது. திருச்சபையின் நலன் குறித்துத் தம் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கும் உரிமையும் சிலவேளை கடமையும் அவர்களுக்கு உண்டு என்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் முறை எளியது. செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் தம் பங்கில் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்கட்டும்: கல்லறைத் தோட்டம் எப்படி ஒதுக்கப்படுகிறது? தேர் எந்தெந்தத் தெருக்களுக்குப் போகிறது? நிதிக்குழுவில் யார் இருக்கிறார்கள்? பள்ளிகளில் கடந்த பத்தாண்டுகளில் நியமனம் பெற்ற தலித் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர்? மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ளட்டும். பதில் வந்தால் அது சீர்திருத்தத்தின் தொடக்கம். பதில் வராவிட்டால் அந்த நகலும் சூசை வழக்கில் இல்லாமற்போன சான்றுகளில் ஒன்றாகும்.